கணக்கில் இல்லாதவர்களின் சாட்சியம்: அமெரிக்க எல்லைப்புறப் படை அதிகாரிகளின் மனைவியர் எழுதிய நினைவுநூல்கள்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து அதன் இறுதிவரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படை, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரிந்த சமவெளிகளிலும் பாலைநிலங்களிலும் சிறு சிறு கோட்டைகளை அமைத்துத் தங்கியிருந்தது. குடியேறிகளின் வழித்தடங்களைக் காத்தலும், அந்நிலத்தின் பூர்வகுடிகளை ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் அடக்குதலும் அப்படையின் பணிகளாக இருந்தன. ‘கோட்டை’ என்னும் சொல் எழுப்பும் தோற்றம் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. மண்கட்டி வீடுகளும் மரக்குடில்களும் ஓர் அணிவகுப்புத் திடலைச் சுற்றி நின்ற குடியிருப்புகளே அவை. பலவற்றுக்கு மதிலும் இல்லை. அங்கே அதிகாரிகளுடன் அவர்தம் மனைவியரும் வாழ்ந்தனர். முல்லைத்திணைத் தலைவியைப் போல் இல்லத்தில் ஆற்றியிருந்தவர்கள் அல்லர் இவர்கள், பாசறைக்கே உடன்சென்றவர்கள்.

இவர்களுள் ஒரு சிலர் தம் வாழ்க்கையை எழுதி அச்சிட்டனர். டெக்சாஸ் எல்லையில் வாழ்ந்த தெரசா வியேலேயின் நூல் 1858இல் வெளிவந்தது. மார்கரெட் காரிங்டன் (1868), எலிசபெத் கஸ்டர் (1885, 1887, 1890), லிடியா லேன் (1893), பிரான்சிஸ் பாய்ட் (1894), மார்த்தா சம்மர்ஹேஸ் (1908), பிரான்சிஸ் ரோ (1909), பிரான்சிஸ் காரிங்டன் (1910) ஆகியோரின் நூல்கள் அதனைத் தொடர்ந்தன. எல்லைப்புற வரலாற்றை எழுதுவோர் இந்நூல்களை நீண்டகாலம் வீட்டுவாழ்க்கைச் செய்திகளுக்கான சுரங்கமாகவே பயன்படுத்தினர்: அடுப்பு எப்படி இருந்தது, முட்டை என்ன விலை விற்றது, மணற்புயல் எப்படி அடித்தது என்பன போன்றவற்றுக்கு. ஆனால் இவற்றுள் முதன்மையான சில நூல்கள் வழக்காடும் நூல்கள். கணவர்மீது சுமத்தப்பட்ட பழிக்கு மறுமொழியாக எழுந்தவை. அந்த நோக்கம் இவற்றின் சாட்சியத்தை எவ்வாறு உருவாக்கியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சலவைப் பெண்ணுக்கு இருந்த உரிமை

1802ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கம்பெனிக்கும் நான்கு சலவைப் பெண்களை அனுமதித்தது. நாள்தோறும் ஓர் ஆளுக்குரிய உணவுப் பங்கீடும், தங்க இடமும், படை மருத்துவரின் சிகிச்சையும் அவர்களுக்குக் கிடைத்தன. வெளுப்புக்கூலியைச் சிப்பாய்கள் கொடுத்தனர். சிப்பாய்களின் மனைவியரே பெரும்பாலும் இப்பணியைப் பெற்றனர். 1878இல் இம்முறை கைவிடப்படும்வரை, மருத்துவமனைப் பணிப்பெண்களை விட்டால், அமெரிக்கப் படை தன் விதிகளில் ஏற்றுக்கொண்ட பெண்கள் இவர்களே.

அதிகாரியின் மனைவிக்கு விதிகளில் இடமே இல்லை. வணிகர்களும் கூலியாட்களும் அடங்கிய ‘முகாமைப் பின்தொடர்வோர்’ என்னும் வகையிலேயே அவரும் வைத்து எண்ணப்பட்டார். முகாம் தலைவர் விரும்பினால் அவரை வெளியேற்றவும் முடியும். விருந்து மேசையில் கர்னலின் வலப்புறம் அமர்ந்த சீமாட்டிக்குச் சட்டத்தில் இல்லாத நிலை, முகாமின் கடைக்கோடியில் சவர்க்கார நுரைக்கு நடுவே நின்ற பெண்ணுக்கு இருந்தது. படை விதிகள் அற்பமானவற்றையெல்லாம் நுணுகி வகுத்துவிட்டு மனைவியரை மட்டும் மறந்தன என்று எலிசபெத் கஸ்டர் தம் நூலில் குறைப்பட்டுக்கொள்கிறார். வகுப்பாலும் வளர்ப்பாலும் தமக்குக் கீழ் என்று கருதியவர்களுக்கு இருந்த உரிமை தமக்கு இல்லையே என்னும் குத்தல் அக்குறையில் கலந்திருக்கிறது.

இந்நிலையின் நடைமுறை விளைவு வீட்டில் தெரிந்தது. குடியிருப்பு பதவிக்கு ஏற்ப ஒதுக்கப்பட்டது. லெப்டினன்டுக்கு ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே. அவருக்கு மனைவி உண்டா, எத்தனை பிள்ளைகள் என்பன கணக்கில் சேரா. புதுமணப் பெண்ணாக வயோமிங்குக்கு வந்த மார்த்தா சம்மர்ஹேஸ், ஓர் அறையில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று வியந்தபோது, போர்த்துறை மனைவியரை எண்ணிக்கையில் கொள்வதில்லை என்பதை அவர் கணவர் விளக்க நேர்ந்தது. மூத்த அதிகாரி ஒருவர் புதிதாக மாற்றலாகி வந்தால், தமக்குப் பிடித்த வீட்டில் குடியிருக்கும் இளையவரை வெளியேற்றலாம். வெளியேறியவர் தமக்கு இளையவரை வெளியேற்றலாம். ஒருவர் வரவால் ஒரு வரிசை முழுவதும் மூட்டை கட்டும் இவ்வழக்கத்தைப் பற்றிப் பேசாத நினைவுநூல் அரிது. சிலர் சிரிப்பாக எழுதுகின்றனர். பிரான்சிஸ் ரோவின் எழுத்தில் கோபம் மறையவில்லை.

பொறுப்பு மட்டும் தேவை நேர்ந்தபோது தடையின்றி வந்து சேர்ந்தது. நியூ மெக்சிகோவின் ஃபில்மோர் கோட்டையில், படையுடன் வெளியே சென்ற கணவர் மீளும்வரை அங்கு எஞ்சிய சில வீரர்களின் சார்ஜென்ட் தம்மிடமே நிலவரம் அறிவித்ததை லிடியா லேன் பதிவு செய்கிறார்.

ஒரு கோட்டை, இரு மனைவியர், ஒரு கணவர்

1866 வசந்தத்தில் நெப்ராஸ்காவின் கியர்னி கோட்டையிலிருந்து கர்னல் ஹென்றி காரிங்டனின் தலைமையில் ஒரு படைப்பிரிவு புறப்பட இருந்தது. மொன்டானாவின் தங்கச் சுரங்கங்களுக்குச் செல்லும் போஸ்மன் தடத்தில் காவற்கோட்டைகள் கட்டுவது அதன் பணி. அங்கு வந்த ஜெனரல் ஷெர்மன், பயணம் அமைதியாகவே இருக்கும் என்று நம்பி, மனைவியர் உடன்செல்வதை ஊக்குவித்தார். நாள்தோறும் நிகழ்வனவற்றைக் குறித்துவைக்கும்படியும் கூறினார். மார்கரெட் காரிங்டன் அவ்வாறே செய்தார். 1868இல் வெளிவந்த ‘அப்சரகா, க்ரோ மக்களின் தாயகம்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல் அந்த நாட்குறிப்பிலிருந்து உருவானது. அது ஷெர்மனுக்கே படையல் செய்யப்பட்டது.

பவுடர் ஆற்று நிலப்பகுதி லகோட்டா மக்களுக்கு எஞ்சியிருந்த சிறந்த வேட்டைநிலம். அதன் நடுவே ஃபில் கியர்னி கோட்டை எழுந்ததை அவர்கள் ஏற்கவில்லை. 1866 டிசம்பர் 21ஆம் நாள், தாக்கப்பட்ட விறகு வண்டிகளை மீட்கச் சென்ற கேப்டன் வில்லியம் ஃபெட்டர்மனின் பிரிவு, லாட்ஜ் டிரெய்ல் என்னும் மலைமுகட்டைக் கடந்து சென்று, லகோட்டா, ஷையான், அரப்பஹோ வீரர்கள் விரித்த பொறியில் அகப்பட்டது. 81 பேரில் ஒருவரும் மீளவில்லை. உதவி கோரிப் புறப்பட்ட ஜான் பிலிப்ஸ் கடும்பனியில் 236 மைல் கடந்து, கிறிஸ்துமஸ் இரவில் லாராமி கோட்டையை அடைந்தார். பழி காரிங்டன்மீது விழுந்தது. அவர் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டு, 1867 ஜனவரியின் உறைபனியில் மனைவி மக்களுடன் கோட்டையை விட்டு வெளியேறினார். விசாரணையின்போது அவர் அளித்த வாக்குமூலத்தை அரசு 1887 வரை வெளியிடவில்லை.

மார்கரெட்டின் நூலை இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். தொலைவு அட்டவணைகளும் நிலப்படங்களும் பயணக் குறிப்புகளும் நிறைந்த அந்நூல், வழிப்போக்கர்க்குத் துணைநூல் போலத் தோற்றமளிக்கிறது. அதனூடே ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது: மலைமுகட்டைக் கடக்கலாகாது என்று கர்னல் தெளிவாக ஆணையிட்டார், ஃபெட்டர்மன் ஆணையை மீறினார். கணவரின் வாய் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் மனைவியின் நூல் அவருக்காகப் பேசியது. படைத்துறை அதிகாரி ஒருவர் மேலிடத்தைக் குறைகூறி எழுதினால் தண்டனை உண்டு. விதிகளிலேயே இல்லாத ஒருத்தி எழுதினால் யார் என்ன செய்ய முடியும்? கணக்கில் சேர்க்கப்படாமை இங்கே ஒரு வசதியாயிற்று.

அதே கோட்டையில் லெப்டினன்ட் ஜார்ஜ் கிரம்மண்டின் மனைவி பிரான்சிஸும் இருந்தார். கருவுற்றிருந்த அவர், ஃபெட்டர்மனுடன் சென்ற கணவரை இழந்து, சவப்பெட்டியுடன் டென்னசிக்குத் திரும்பினார். மார்கரெட் 1870இல் இறந்தார். மறு ஆண்டு காரிங்டன் பிரான்சிஸை மணந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1908 ஜூலையில் வயோமிங்கின் ஷெரிடன் நகரில் நடந்த நினைவு விழாவிற்கு முதிய தம்பதியர் வந்துசென்றதை அடுத்து, பிரான்சிஸ் 1910இல் தம் நூலை வெளியிட்டார். மார்கரெட்டின் நூலில் உள்ளதே இதிலும் சாரம்: ஆணை தெளிவானது, மீறியவர் ஃபெட்டர்மன். எஞ்சியோர் கோட்டையில் தாக்குதலை எதிர்பார்த்திருந்த இரவையும் பிரான்சிஸ் விவரிக்கிறார். அரண் வீழ்ந்தால் பெண்களையும் குழந்தைகளையும் வெடிமருந்துக் கிடங்கில் சேர்த்து, உயிருடன் பிடிபடாதபடி அதனைக் கொளுத்திவிட வேண்டும் என்பது கர்னலின் கட்டளை என்கிறார். அவ்வாறு இறக்கவிருந்தவர்களுள் ஒருவராகிய அவர் இதை எவ்விதக் கண்டனமும் இன்றிச் சொல்வது இன்றைய வாசகரைத் திடுக்கிட வைக்கும்.

எண்பது வீரரைக் கொடுத்தால் சூ நாடு முழுவதையும் ஊடுருவிச் செல்வேன் என்று ஃபெட்டர்மன் வீறாப்புப் பேசியதாக நிலவும் கதை பாடநூல்வரை சென்றது. நிகழ்ச்சி நடந்த காலத்து ஆவணங்களில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிற்கால எழுத்துகளிலேயே அது காணப்படுகிறது. 2008இல் வெளிவந்த தம் ஆய்வில் ஷேனன் ஸ்மித், ‘இறுமாப்பால் அழிந்த ஃபெட்டர்மன்’ என்னும் உருவம் காரிங்டனும் அவருடைய இரு மனைவியரும் எழுதிய எழுத்துகளால் நிலைபெற்றது என்று நிறுவுகிறார். சீமாட்டி ஒருவர் எழுதியதைப் பொதுவில் மறுப்பது அக்காலப் படை அதிகாரியின் பண்பாட்டுக்கு இழுக்கு. ஆகவே உண்மை அறிந்த சிலர் வாய்மூடி இருந்தனர் என்பது அவர் வாதம். முகட்டுக்கு அப்பால் முந்தி விரைந்தது குதிரைப்படையை நடத்திய கிரம்மண்டாக இருக்கலாம் என்றும் அவர் கருதுகிறார். அதற்கு இரு வாரங்களுக்கு முன் நடந்த மோதலிலும் கிரம்மண்ட் தனித்து முன்னேறி மயிரிழையில் தப்பியவர். இது சரியானால் பிரான்சிஸின் நூல் இரு கணவர்களையும் ஒருசேரக் காத்திருக்கிறது. ஸ்மித்தின் முடிவை எல்லாக் கூறுகளிலும் ஏற்க வேண்டியதில்லை. கிரம்மண்டின் பங்குக்குச் சான்று போதாது. ஆனால் இரு நூல்களும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் தனித்தனிச் சாட்சிகள் அல்ல, ஒரே இல்லத்திலிருந்து எழுந்த ஒரே சாட்சியம் என்பது மறுக்கவியலாதது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மார்கரெட்டின் மறைவுக்குப் பின்னர் காரிங்டன் அவருடைய நூலை விரிவாக்கி மறுபதிப்புச் செய்தார். 1870களின் இறுதியில் வந்த பதிப்பில் கர்னலின் பெயரே ஆசிரியர் பெயராக நின்றது. தலைப்பில் இருந்த ‘க்ரோ மக்களின் தாயகம்’ மறைந்து ‘படுகொலை நிலம்’ என்றாயிற்று. தம் வேட்டைநிலத்தைக் காக்கப் போராடும் மக்களின் நியாயத்தை மார்கரெட் ஓரளவு உணர்ந்திருந்தார். அந்நிலம் வேறொருவரின் தாயகம் என்பதையாவது அவர் இட்ட தலைப்பு ஒப்புக்கொண்டது. 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி படை அக்கோட்டைகளைக் கைவிட்டுச் சென்றதும் பூர்வகுடியினர் அவற்றை எரித்தனர். நூலின் தலைப்பை மாற்றியது போர்க்களத்தில் வென்ற தரப்பு அன்று.

கஸ்டரின் விதவை

எலிசபெத் கஸ்டரின் கதை பலரும் அறிந்தது. சுருங்கச் சொன்னால் போதும். 1876 ஜூன் 25ஆம் நாள் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர் தம் நேரடித் தலைமையில் இருந்த வீரர் அனைவருடனும் மடிந்தார். குடியரசுத் தலைவர் கிரான்ட், அந்த உயிரிழப்புக்குக் கஸ்டரே காரணம் என வெளிப்படையாகக் குறைகூறினார். 34 வயதில் விதவையான எலிசபெத்துக்குக் கிடைத்த ஓய்வூதியம் மாதம் 30 டாலர். 1933இல் இறக்கும்வரை 57 ஆண்டுகள் அவர் கணவரின் புகழைக் காப்பதே தொழிலாக வாழ்ந்தார். வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரியில் 1879இல் நிறுவப்பட்ட கஸ்டரின் சிலை தமக்குப் பிடிக்காததால், விடாது முயன்று அதை அகற்றவும் வைத்தார்.

அவருடைய மூன்று நூல்களும் போரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. முதல் நூலாகிய ‘பூட்ஸ் அண்ட் சேடில்ஸ்’ டகோட்டா வாழ்க்கையை, வேட்டைநாய்களை, பனிப்புயலை, கணவரின் குறும்புகளைச் சொல்லிச் செல்கிறது. ஜூன் 25 ஞாயிறன்று லிங்கன் கோட்டையில் மனைவியர் ஒன்றுகூடிப் பக்திப் பாடல்கள் பாடியதோடும், பின்னர் வந்த செய்தியோடும் முடிகிறது. போர்க்களத் தவறுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; அதுவே அதன் வாதத் திறன். மார்கரெட் ஆணைகளை எடுத்துக்காட்டி வாதிட்டார். எலிசபெத்தோ, இத்துணை அன்பான கணவர் பொறுப்பற்ற தலைவராக இருந்திருக்க முடியுமா என்னும் எண்ணத்தை வாசகர் மனத்தில் எழச்செய்து நிறுத்திக்கொண்டார். கஸ்டரைக் கடுமையாக விமர்சித்த ஃபிரடெரிக் வான் டி வாட்டரின் வாழ்க்கை வரலாறு 1934இல், அவர் மறைந்த மறு ஆண்டில்தான் வெளிவந்தது.

அரிசோனாவின் வெயில்

மார்த்தா சம்மர்ஹேஸுக்கு வழக்கு எதுவும் இல்லை. அவர் கணவர் ஜாக் எந்தப் பேரழிவுக்கும் பொறுப்பாளர் அல்லர். பதவி உயர்வுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலாட்படை லெப்டினன்ட். அதனால்தானோ என்னவோ, ‘வேனிஷ்ட் அரிசோனா’ இவ்வகை நூல்களுள் மிகவும் நேர்மையானதாக அமைந்தது.

நன்டுக்கெட் தீவில் பிறந்து ஜெர்மனியில் பயின்ற மார்த்தா, படையதிகாரி மனைவியின் வாழ்வைப் பற்றி ஜெர்மானியர் வழங்கும் ‘பளபளக்கும் துயரம்’ என்னும் பொருளுடைய தொடரை நினைவுகூர்கிறார். 1978இல் பட்ரீசியா ஸ்டாலர்ட் படைக்குடும்பங்களைப் பற்றி எழுதிய ஆய்வுநூலுக்கு அத்தொடரே தலைப்பாயிற்று. 1874இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நீராவிக் கப்பலில் கலிபோர்னியத் தீபகற்பத்தைச் சுற்றி, கொலராடோ ஆற்றில் படகேறி, மொஹாவி கோட்டையிலிருந்து வண்டிகளில் மலைகடந்து அவர் அப்பாச்சி முகாமை அடைந்தார். 1875 ஜனவரியில் அங்கே மகன் பிறந்தான். உற்றார் ஒருவரும் அருகில் இல்லை. அப்போது அப்பாச்சிப் பெண்கள் அவரைப் பார்க்க வந்து, தோல் போர்த்து மணிகள் கோத்த தொட்டிலொன்றைக் குழந்தைக்குப் பரிசளித்தனர். அவர்களை அடக்குவதற்காக நிறுத்தப்பட்ட படையின் குழந்தை அது என்பதை மார்த்தா சுட்டவில்லை; தொட்டிலின் அழகையும் அதில் குழந்தையைக் கட்டிய கைத்திறனையும் எழுதுகிறார்.

ஆற்றங்கரை ஊரான எரன்பர்க்கில் அவர் கண்ட மெக்சிகப் பெண்கள் மெல்லிய ஆடை உடுத்தி, எளிதில் சமைத்து, வெயிலோடு ஒத்து வாழ்ந்தனர். கழுத்துவரை பொத்தானிட்ட உடையில் வெந்துகொண்டிருந்த மார்த்தா, தாமும் அவ்வாறே வாழ விரும்பினார். ஜாக் உடன்படவில்லை, படை வட்டாரத்தில் நாலுபேர் என்ன சொல்வார்கள் என்பது அவர் கவலை. விதிகளில் இடமில்லாத மனைவிக்குப் படையின் மானத்தைக் காக்கும் கடமை மட்டும் இருந்தது. இதைப் புலம்பலாக்காமல், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆறாத ஓர் எரிச்சலாக அவர் எழுதியிருப்பது நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

நூல்களில் இல்லாதவை

அதிகாரிகளின் மனைவியர் எழுதினர். சிப்பாய்களின் மனைவியர் எழுதியவை எனக் கிடைப்பன மிகக் குறைவு. சலவைப் பெண்கள் இந்நூல்களில் சமையலுக்கும் பிரசவத்துக்கும் துணையாகவோ நகைப்புக்குரியவர்களாகவோ வந்துபோகின்றனர். கஸ்டர் வீட்டில் 1863 முதல் 1869 வரை சமைத்த எலைசா பிரவுன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண். ‘டென்டிங் ஆன் தி ப்ளெய்ன்ஸ்’ நூலில் அவர் பேச்சு பக்கம் பக்கமாக இடம்பெறுகிறது. எலிசபெத்துக்கு அவர்மீது அன்பு இருந்ததிலும் ஐயமில்லை. ஆயினும் அது எலிசபெத் நினைவில் வைத்து, கொச்சை வடிவில் எழுதிக் கொடுத்த பேச்சு. கறுப்பினக் குதிரைவீரர்களைக் குறிக்கும் ‘எருமை வீரர்கள்’ என்னும் பெயருக்கு மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாக 1872ஆம் ஆண்டினது எனத் தேதியிட்ட பிரான்சிஸ் ரோவின் கடிதம் காட்டப்படுகிறது. அவ்வீரர்களைப் பற்றிய அவருடைய இளக்காரமும் அந்நூலில் உண்டு.

தம்மைப் பற்றியும் இவர்கள் எல்லாவற்றையும் சொல்லவில்லை. கருவுறுதல், கருச்சிதைவு, மனச்சோர்வு, கணவன் மனைவி பிணக்கு ஆகியவற்றை அச்சில் ஏற்றுவது அக்காலப் பண்பாட்டுக்கு ஒவ்வாது. அவற்றுக்கு அச்சுக்காக எழுதப்படாத எழுத்துகளையே நாட வேண்டியுள்ளது. பத்தாம் குதிரைப்படையின் தலைவர் பெஞ்சமின் கிரையர்சனின் மனைவி ஆலிஸ் ஏழு பிள்ளைகளைப் பெற்றவர். 1871இல் தம் கடைசிக் குழந்தை பிறந்த பின்னர் கோட்டையை விட்டுச் சிகாகோவுக்குச் சென்று தங்கினார். அங்கிருந்து கணவருக்கு எழுதிய கடிதங்களில், மீண்டும் மீண்டும் கருவுற்றதால் தாம் பட்ட துன்பத்தையும், இனியொரு பேற்றுக்கு உடன்பட முடியாமையையும் ஒளிவுமறைவின்றி எழுதினார். 1878இல் டெக்சாஸின் கோஞ்சோ கோட்டையில் அவர் மகள் எடித் 13 வயதில் குடற்காய்ச்சலால் இறந்தாள். ஆலிஸ் நூல் எதுவும் எழுதவில்லை. அவர் கடிதங்கள் குடும்பத்தாள்களோடு கிடந்து, ஷர்லி லெக்கியின் பதிப்பாக 1989இல் அச்சேறின.